பற்றும் பொறையும்

பெரிய நூல்களில் மட்டுமே பேருண்மைகள் உறைகின்றன என்று கருதுவது பிழை. நாள்தோறும் கையாண்டு, கையாண்டதனாலேயே நாம் கவனியாது விட்ட சிறு கருவிகளும் சில உண்மைகளை உரைக்க வல்லவை. துலாக்கோலும் ஏற்றமும் அம்மியும் குழவியும் நம் முன்னோர்க்கு அவ்வாறு பாடம் புகட்டியவை. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க எளிய பொருள் ஒன்று உண்டு. அது மிதிவண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே அமைந்த சுமைத்தட்டு. நம் மக்கள் நாவில் ‘கேரியர்’. அதிலும், சுருள்வில்லின் விசையால் ‘டப்’பென்று மூடிக்கொள்ளும் கவ்வியோடு கூடிய பழைய கேரியரையே ஈண்டு நான் கருதுகிறேன்.

அதனைக் கொண்டு ஆராய விரும்பும் வினா இது: ஒருவரை, அல்லது ஒன்றை, ‘நான் தாங்குகிறேன்’ என்று சொல்லும் தகுதி நமக்கு எப்போது உண்டாகிறது? இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதே தாங்குவது ஆகுமா? குடும்பத்தைத் தாங்குகிறோம், பெற்றோரைத் தாங்குகிறோம், மொழியைத் தாங்குகிறோம் என்று நாம் அனைவரும் சொல்லிக்கொள்கிறோம். அவற்றுள் எத்தனை மெய்யான தாங்கல், எத்தனை வெறும் பிடி? ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து தலைநகரில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று, வீட்டுக்குள் நிற்பது.

கருவியின் அமைப்பு

சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் இன்றைய மிதிவண்டியின் வடிவம், 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியால் நிலைபெற்றது. 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரைத் தந்தார். விடுதலைக்குப் பின் நம் நாட்டிலேயே மிதிவண்டித் தொழில் தழைத்தது. 1949-இல் நிறுவப்பெற்று அம்பத்தூரில் ஆலை கண்ட டி. ஐ. சைக்கிள்ஸ், 1951-இல் சோனிப்பட்டில் தோன்றிய அட்லஸ், 1956-இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ ஆகியவற்றின் கறுப்பு வண்டிகள் சிற்றூர் தோறும் சென்று சேர்ந்தன. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020-இல் இயக்கத்தை நிறுத்தியபோது, ஒரு காலத்தின் கதவு மூடியதைப் போலப் பலர் வருந்தினர். 1950-களிலும் 1960-களிலும் தில்லியின் அரசு அலுவலகங்கள் முடியும் மாலை வேளையில் சாலைகளை நிறைத்துச் சென்றவை இத்தகைய வண்டிகளே.

இவ்வண்டி மனிதனைச் சுமந்ததோடு நில்லாமல் அவன் வாழ்க்கையையும் சேர்த்துச் சுமந்தது. பள்ளிக்கூடப் பை, டிபன் கேரியர், மண்ணெண்ணெய் டின், அரிசி மூட்டை, வெளுத்த துணி மூட்டை, வாழையிலைக் கட்டு, விடியற்காலை நாளிதழ்க் கட்டு என அதன் பின்புறத்தில் ஏறாத பொருள் குறைவு.

அதன் அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குவோம். அடியில் இருப்பது தட்டு. இரும்புப் பட்டைகளாலோ தடித்த கம்பிகளாலோ ஆனது. தட்டிலிருந்து இருபுறமும் இறங்கும் தாங்குகால்கள் பின்சக்கரத்தின் அச்சில் நட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பது கவ்வி. நம்மவர் ‘கிளிப்’ என்பர். அதன் ஒரு முனை தட்டோடு கீல்போலப் பொருந்தியிருக்கும். கீலைச் சுற்றிய சுருள்வில் அதனை எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மறுமுனையைத் தூக்கிப் பொருளை வைத்துக் கையை எடுத்தால், எலிப்பொறியைப் போல அது பொருளின்மேல் விழுந்து கவ்வும். விரலை உரிய நேரத்தில் எடுக்கத் தவறியவர்க்கு அதன் வலிமையை விளக்கத் தேவையில்லை.

கவ்வி சுமப்பதில்லை

இக்கருவியைப் பார்க்கும் எவரும் கவ்வியையே முதன்மையாக எண்ணுவர். அசைவதும் ஒலிப்பதும் கண்ணில் படுவதும் அதுவே. தட்டோ அசையாமல் கிடக்கிறது. ஆயினும் உண்மை என்ன? கவ்வி சுமையில் ஒரு குன்றிமணி அளவையும் சுமப்பதில்லை. எடை முழுவதும் தட்டின்மேல் இறங்குகிறது. தட்டிலிருந்து தாங்குகால்களுக்கும், அங்கிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து ஆரக்கம்பிகளின் வழியே சக்கரத்துக்கும், இறுதியில் மண்ணுக்கும் அது செல்கிறது. கவ்வி செய்வது ஒன்றே: மேடுபள்ளங்களில் வண்டி குலுங்கும்போது பொருள் நழுவாமல் அழுத்திக்கொள்வது. கவ்வி தளர்ந்துவிட்டால் பழைய டியூபை நீளவாக்கில் அறுத்துக் கட்டிக்கொண்டு போய்விடலாம், போகிறார்கள். தட்டு முறிந்துவிட்டாலோ எத்துணை வலிய கவ்வியாலும் பயனில்லை.

இன்னும் நுணுகி நோக்கினால், இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெற்றென விளங்கும். கவ்வி அழுத்துகிறது, அந்த அழுத்தத்தை ஏற்பது பொருள். தட்டு தாங்குகிறது, அந்த எடையை ஏற்பது தட்டு. பிடிக்கும்போது வருத்தம் பிடிபட்டதன்மேல் விழுகிறது. தாங்கும்போது வருத்தம் தாங்குவோர்மேல் விழுகிறது. ‘நான் தாங்குகிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது அது மெய்யா என்றறிய இதனினும் தெளிவான உரைகல் வேறில்லை என்பது என் துணிபு. எடை யார்மேல் இறங்குகிறது என்று கேட்டால் போதும்.

நம் தமிழ்ச் சொற்களும் இவ்வேறுபாட்டை அறிந்தே அமைந்துள்ளன. பற்றுதல் என்றால் பிடித்தல். அதிலிருந்தே ‘பற்று’ என்னும் சொல் பிறந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல்; அதிலிருந்தே ‘பொறுப்பு’ பிறந்தது. ‘பொறை’ என்னும் ஒரே சொல் சுமையையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். சுமப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பதை நம் மொழி ஒரு சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டது. நாமோ பற்று மிகுந்துவிட்டால் பொறுப்பும் தானே வந்துவிடும் என்று நம்பி, முன்னதை வளர்த்துப் பின்னதை மறந்துவிடுகிறோம்.

அளவு மீறிய பிடி

சுருள்வில்லின் இயல்பை ஆராய்ந்த இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு வில்லின் எதிர்விசையும் பெருகும் என்னும் விதியை 1678-இல் விளக்கி வெளியிட்டார். முறுக்கப்படும் வில்லுக்கும் இது பொருந்தும். கேரியரின் கவ்வியை அதிகம் திறக்கத் திறக்க அது அதிகம் அழுத்தும். மெல்லிய நோட்டுப் புத்தகத்தை மென்மையாகப் பிடிக்கும் கவ்வி, பருத்த மூட்டையை மூர்க்கமாக அழுத்துகிறது.

அப்படியானால் பருத்த மூட்டை மெல்லிய புத்தகத்தைவிட உறுதியாக நிற்க வேண்டுமன்றோ? நிற்பதில்லை. வண்டி ஓட்டிய அனைவரும் இதனை அறிவர். காரணம் எளியது. மெல்லிய பொருளின்மேல் கவ்வி ஏறக்குறையக் கிடையாகப் படிகிறது. அதன் விசை நேராகக் கீழே செல்கிறது. பருத்த பொருளின்மேல் கவ்வி சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த கவ்வியின் விசையில் ஒரு பகுதி பொருளைக் கீழே அழுத்த, மறுபகுதி அதனைக் கீலுக்கு அப்பால், வெளிநோக்கித் தள்ளுகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களிடையே வைத்து நெருக்கினால் அது தெறித்து ஓடுவது போன்றதே இதுவும். பிடிக்கும் விசையே தள்ளும் விசையாக மாறுகிறது. ஓட்டுபவர் இதனை உணராமல், ‘இவ்வளவு அழுத்தியும் விழுகிறதே’ என்று வியந்து, வில்லை மேலும் முறுக்கேற்றுவதுண்டு.

விழாமல் நின்றாலும் வேறொரு தீங்கு உண்டு. கவ்விக்குப் பொருளின் தன்மை தெரியாது. விறகுக் கட்டையையும் வாழைப்பழச் சீப்பையும் அது ஒன்றாகவே அழுத்தும். இரும்புச் சாமானில் தடம் பதியாது. புத்தக அட்டையில் பதியும். இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தில் ஆழப் பதியும். கொண்டுசேர்த்துவிட்டோம் என்று மகிழ்ந்து பிரித்துப் பார்த்தால், உள்ளிருப்பது உண்ணத் தகாததாய் நசுங்கியிருக்கும்.

கோப்புகள் கணினிக்குள் குடிபுகுமுன், எங்கள் அலுவலகத்தில் கடிதங்களை வேறு அமைச்சகங்களுக்குக் கொண்டு கொடுக்கும் முதிய ஊழியர் ஒருவர் இருந்தார். அவர் எந்தக் காகிதத்தையும் நேரே கவ்விக்குக் கொடுத்ததில்லை. பழைய கோப்பு அட்டை இரண்டை எப்போதும் வைத்திருப்பார். ஒன்றைக் கீழும் ஒன்றை மேலும் வைத்து, நடுவே காகிதங்களை அடுக்கிய பின்பே கவ்வியை விடுவார். காரணம் கேட்டபோது, “கிளிப்புக்குக் கடிதம் யாருடையது என்று தெரியாது, ஐயா, எனக்குத் தெரியும்” என்றார். பிடிக்கும் விசைக்கும் பிடிபடும் பொருளுக்கும் இடையே ஓர் அட்டை வைக்கத் தெரிவதே பண்பாடு என்று அன்று உணர்ந்தேன்.

பிடியை விட்டுவிடலாமா?

இவ்வாறெல்லாம் கூறுவதால் பிடித்தலே தீது என்று முடிவுகட்டிவிடலாகாது. ‘பற்றே துன்பத்துக்கு வேர், அதை அறுத்துவிடு’ என்று துறவியர் கூறுவர். துறவியர்க்கு அது பொருந்தலாம். இல்லறத்தான் சாலையில் செல்பவன். அவன் சாலையில் பள்ளங்கள் உள்ளன. கவ்வாமல் தட்டின்மேல் வைத்த பொருள் முதற்பள்ளத்திலேயே விழும். ‘நான் யாரையும் கட்டுப்படுத்துவதில்லை’ என்று பெருமை பேசித் தன் பிள்ளை எங்குச் செல்கிறான், யாரோடு பழகுகிறான் என்று கேளாத தந்தையின் நிலை இதுவே. அவர் உரிமை அளிக்கவில்லை. கவனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உரிமை அளிப்பதற்கும் கைகழுவுவதற்கும் வெளித்தோற்றம் ஒன்றாயினும் உள்ளீடு வேறு.

ஆதலால் பிடி வேண்டும்; ஆனால் அது தாங்குதலுக்குத் துணையாக நிற்க வேண்டும், அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது. சிற்றூர் மக்கள் இதனை நன்கறிந்திருந்தனர். சிறு பொருளுக்குக் கவ்வி, பெரிய சுமைக்குக் கயிறு என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தனர். கயிறு பொருளின் வடிவத்தை அறிந்து அதனைச் சூழ்ந்து செல்கிறது. எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று கட்டுபவர் பார்க்க வேண்டும். அதற்குச் சிறிது நேரமும் பொருளைப் பற்றிய அறிவும் தேவை. கவ்விக்கு இவ்விரண்டும் தேவையில்லை. அது விரைவின் கருவி. நம் வாழ்வில் விரைவு மிகுந்துவிட்டதால், கயிற்றால் கட்ட வேண்டியவற்றையும் கவ்விக்கே கொடுத்துவிடுகிறோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கேரியரில் உள்ள சுமை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் அதைக் காண்பதில்லை. பின்னால் அமர்ந்த குழந்தையின் கால் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கிக் காயமுற்ற செய்தி நம்மில் பலர் அறிந்ததே. ஓட்டியவர்க்கு அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? அன்பு இருந்தது, திரும்பிப் பார்த்தல் இல்லை. அறிந்த ஓட்டுநர் அடிக்கடி, “காலை அகட்டி வைத்திருக்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டே மிதிப்பார். தாங்குவோர்க்குக் கேட்கும் வழக்கம் இன்றியமையாதது.

நம் இல்லங்களில்

இவ்வுரைகல்லை நம் வீடுகளுக்குக் கொண்டுவருவோம். முதலில் மொழி. நம் பிள்ளைகள் வீட்டு வாயிலைத் தாண்டியதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாழ்கின்றனர். விளையாட்டும் சண்டையும் நட்பும் அவர்களுக்கு அம்மொழிகளில் நிகழ்கின்றன. அதனைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அச்சத்தில் கவ்வியை விடுகிறோம். “தமிழில் பேசு, தமிழில் பேசு” என்று விருந்தினர் முன்னால் அதட்டுகிறோம். பிழையாகப் பேசினால் நகைக்கிறோம். சிறு குழந்தையாய் இருந்தபோது மெல்லிய ஏடுபோல் அப்பிடிக்குள் அடங்கிய பிள்ளை, பதினான்கு வயதில் பருத்து நிற்கிறான். அதே பிடி இப்போது அவனை வெளியே தள்ளுகிறது. தமிழ் அவனுக்குத் தன் மொழியாகத் தோன்றவில்லை. தந்தையின் அதட்டலாகத் தோன்றுகிறது.

தாங்குதல் என்பது வேறு. அதன் எடை நம்மேல் இறங்கும். அலுவலகம் முடிந்து களைத்து வந்த பின்னும் அரைமணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து ஒரு கதையைப் படிப்பது தாங்குதல். ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தை விட்டுத் தமிழ் வகுப்புக்கு அழைத்துச் செல்வது தாங்குதல். அவன் இந்தியில் சொன்ன நகைச்சுவையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதையே தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று அவனோடு சேர்ந்து தேடுவதும் தாங்குதலே. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் வேர்கொண்டது. பிழைப்பைத் தேடி இத்தனை தொலைவு வந்தவர்கள், தமிழை மறவாதீர் என்று பிள்ளைகளை அதட்டியதோடு நின்றிருக்கலாம். அவர்கள் அவ்வாறு நில்லாமல் பள்ளி கண்டனர். அடுத்த தலைமுறையின் மொழிக்கு அவர்கள் இட்டது தட்டு. அத்தட்டின்மேல் இன்றும் பிள்ளைகள் அமர்ந்து பயில்கின்றனர்.

அடுத்து, முதிய பெற்றோர். ஊரில் தனியே இருக்கும் தாயை நாம் தலைநகருக்கு அழைத்து வருகிறோம். அழைத்து வருவது கடமை என்பதில் ஐயமில்லை. தனியே விட்டுவிடுவது அறமன்று. ஆயினும் மின்தூக்கி இல்லாத குடியிருப்பின் மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளுக்குள், அண்டை வீட்டாரோடு பேச மொழியின்றி, தில்லியின் தைமாதக் குளிரில் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் அத்தாய்க்கு நாம் தந்தது எது? முற்றமும் கிணற்றடியும் மாலையில் பேச வரும் பக்கத்து வீட்டு அக்காளும் அவருக்கு இல்லாமற்போயின. ‘அம்மா எங்களோடுதான் இருக்கிறார்’ என்று நாம் ஊராரிடம் சொல்லிக்கொள்கிறோம். நம் பிடி உறுதியாக இருக்கிறது. அழுத்தம் அவர்மேல் விழுகிறது.

அவரை ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. எடையின் ஒரு பகுதியையேனும் நாம் ஏற்க வேண்டும் என்பதே பொருள். காலையில் அவரைக் கைப்பிடித்துப் படியிறக்கி வெயிலில் அமர்த்த ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ் பேசும் இன்னொரு முதியவர் எந்தக் குடியிருப்பில் இருக்கிறார் என்று விசாரித்து அழைத்துச் செல்ல வேண்டும். அவருடைய வங்கிப் புத்தகம் அவர் கையில் இருக்க வேண்டும். ‘இங்கே இருக்க விருப்பமா, அம்மா?’ என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் கேட்டு, அவர் ‘இல்லை’ என்றால் அதைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். கேள்வியே கேளாமல் செய்யும் தொண்டு, முதுகுக்குப் பின்னால் வைத்த சுமையைத் திரும்பிப் பாராமல் மிதிப்பதை ஒக்கும்.

தாங்குவோரைத் தாங்குவது யார்?

‘அப்படியானால் எல்லாச் சுமையையும் ஒருவரே வாய்பேசாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா?’ என்னும் வினா எழும். அது நியாயமான வினா. பொறையைப் போற்றுவோர் பலர் பிறர் பொறுப்பதையே போற்றுகின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஜார்க்கண்டில் 200 கிலோவுக்கும் மேற்பட்ட நிலக்கரியை மிதிவண்டியில் ஏற்றி, அமர்ந்து மிதிக்க இயலாமல், பல கல் தொலைவு தள்ளிக்கொண்டே செல்லும் தொழிலாளர் உள்ளனர். அவர்களின் உடல்வலிமையைக் கண்டு வியப்பது எளிது. அச்சுமையை அவர்கள்மேல் ஏற்றியது வறுமை. அதனை வீரம் என்று பாராட்டிவிட்டு நகர்வது அறமாகாது. தட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை மீறினால் தாங்குகால் வளையும், ஆரக்கம்பி அறும், டயர் வெடிக்கும்.

மிதிவண்டியில் எடை எங்கும் தேங்கி நிற்பதில்லை என்பதை முன்னரே கண்டோம். தட்டு மட்டும் தனியே எதையும் தாங்கிவிடுவதில்லை. தும்பாவில் நம் விண்வெளி ஆய்வு தவழ்ந்துகொண்டிருந்த நாளில், ராக்கெட்டின் கூம்பு ஒன்றை மிதிவண்டியின் பின்புறம் ஏற்றி நடத்திச் செல்லும் காட்சியைப் பிரெஞ்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1966-இல் படம் எடுத்தார். புகழ்பெற்ற அப்படத்தில் வண்டியோடு மனிதரும் நடக்கின்றனர். எந்தக் கவ்விக்கும் அடங்காத பெரும்பொருள் மனிதரின் துணையோடுதான் சென்றது.

நம் நாட்டுப்புறச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதும் இதனாலேயே. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்காகத் தோளுயரத்தில் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அக்கற்களை நடும் வழக்கம் இருந்தது. சுமையை இறக்க இயலாமலே சென்றவரின் பெயரால், சுமப்பவர் அனைவர்க்கும் இறக்கிவைக்க ஓரிடம் அமைத்தனர் நம் முன்னோர். சுமப்பவனிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை.

ஒவ்வோர் இல்லத்திலும் இவ்வினாவை எழுப்ப வேண்டும். ‘குடும்பத்தை நான் தாங்குகிறேன்’ என்று நம்மில் ஆடவர் பலர் உரைக்கிறோம். மாதச் சம்பளம் கொண்டுவருகிறோம் என்பது உண்மையே. ஆனால் முதிய மாமியாருக்கு நள்ளிரவில் வெந்நீர் வைப்பவர் யார்? மொழி தெரியாத ஊரில் மளிகைக்கடையிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் நின்று, தட்டுத்தடுமாறி அம்மொழியைக் கற்று, வீட்டை நிலைநிறுத்தியவர் யார்? பெரும்பாலான இல்லங்களில் அச்சாய் இருப்பவர் இல்லத்தரசியே; ஓசையிடும் கவ்வியாய் இருப்பவர் நாமே. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்கள் வீட்டுச் சுமையை அதற்கு முன்பும் சுமந்தவர்களே. தலையிலும் இடுப்பிலும் சுமந்தவர்களுக்கு அன்று ஒரு தட்டும் இரு சக்கரங்களும் கிடைத்தன. தாங்குவோர்க்குத் தாங்கல் தருவதே அறம் என்பதற்கு அது நல்ல சான்று.

பழைய வண்டி வைத்திருப்போர் கவ்வி கிறீச்சிட்டால் உடனே எண்ணெய் இடுவர். அச்சின் நட்டுகளைப் பார்ப்பவர் குறைவு. அவை ஒலி எழுப்புவதில்லை. வீட்டிலும் ஒலி எழுப்பாமல் எடையை ஏற்றுக்கொண்டிருப்பவர் யார் என்று பார்ப்பது நம் முதற்கடமை. அவர் தாயாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பிக்காக உழைக்கும் மூத்த பிள்ளையாகவும் இருக்கலாம். இன்றிரவு அவரருகே சென்று அமர்ந்து, அவர் சுமையில் எதை நாம் ஏற்றுக்கொள்ளலாம் என்று கேட்போம். கேட்ட பின் அதனை நம் தோளுக்கு மாற்றிக்கொள்வோம். பற்று நம்மிடம் ஏற்கெனவே உண்டு; இனிப் பொறையைப் பயில்வோம்.